அசைபோட்ட மழைக்காலம்

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். மாலையில் விழுப்புரம் திரும்பும் பாசஞ்சர் ரயிலில் என் எதிரே உட்காரும் கால்நடை மருத்துவர், ஒருநாள் என்னைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. இனி யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று பழகிப்போயிருந்தேன்.

"யோசிச்சு சொல்றேங்க" என்றேன்.

"மெதுவா சொல்லுங்க. இங்கிலீஷ்ல ஆழமா யோசிக்கிறதை ‘ரூமினேட்’ன்றீங்களே, அது லத்தீன் வார்த்தை. மாடு மேய்ஞ்சதைத் திரும்ப வாய்க்குக் கொண்டாந்து மென்னுக்கினு இருக்குமே, அதுதான் அர்த்தம். எந்த மாடும் ஜல்தியா மெல்லாதுங்க."

தமிழிலும் அதைத்தானே அசைபோடுவது என்கிறோம்! அந்த ஆங்கிலச் சொல்லை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருந்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை. வெளியே ஏரிக்கரையில் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. அதில் படுத்திருந்த மாடுகள் கண்களைப் பாதி மூடி, வாயை மட்டும் அசைத்தபடி ஜன்னலில் பின்னோக்கி மிதந்து போயின.

மழைக்காலம் முழுக்க அவர் சொன்னது எனக்குள் புரண்டுகொண்டிருந்தது. கரும்பலகையில் எழுதும்போதும், துணி மடிக்கும்போதும் சட்டென்று மேலே வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இனிக்கும். அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

மழை விட்ட ஒரு மாலையில், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விழுப்புரம் வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.