வளைத்தால் வெளுக்காத மூடி

எந்தப் பிளாஸ்டிக் சாமானைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். எந்த வகை ரெசினில், அதாவது எந்தப் பிளாஸ்டிக் மூலப்பொருளில், செய்தது என்று அது சொல்லிவிடும். பெட்ரோகெமிக்கல் ஆலையின் ஆராய்ச்சிக்கூடத்தில் புதுப்புது ரெசின்களைச் சமைத்தே தலை நரைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. காரைக்குடியில் என் வீட்டில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. கண்டனூரில், தம்பி மகன் கல்யாணத்தில் கண்டுகொண்டார்கள்.

பெண் வீட்டார் வளவில், வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி, சாமான் பரப்பியிருந்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் அத்தனையையும், வெள்ளியிலிருந்து விளக்குமாறு வரை, உறவுகள் பார்க்க அடுக்கி வைப்பது எங்கள் மரபு. மாப்பிள்ளை வீட்டார் எட்ட நின்று பார்த்து, “நிறைவா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போக வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பாவான நான் குனிந்து, வரிசையாக இருந்த ஊறுகாய் ஜாடிகளில் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த முத்துப் பளபளப்பு என் கண்ணை இழுத்தது. மூடியைக் கழற்றி விளிம்பை வளைத்தேன். இந்த வகைப் பிளாஸ்டிக் வளைந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு விழும். இதில் விழவில்லை. அந்தக் கோடு விழாமலிருக்கத்தான் எங்கள் குழு ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது, கார் பேட்டரியின் உறைக்காக. இது எங்கள் ரெசினேதான். உணவு படும் ரெசின் என்றால் அதை எண்ணெயிலும் புளிப்பிலும் ஊறவைத்து, சூட்டில் நாள்கணக்கில் கிடத்தி, அதிலிருந்து எது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து ஒப்புதல் வாங்க வேண்டும். இதற்கு அந்தச் சோதனையே நடக்கவில்லை. பேட்டரி என்ன, ஊறுகாயா சாப்பிடும்!

“என்னண்ணே, கவுத்துப் பாக்குறீக? சாமான்ல எதுவும் குறையா?” பெண்ணின் தாயார் வந்து நின்றார்.

“சாமான்ல குறையில்ல ஆச்சி. இந்த ஜாடியிலதான்...”

அதற்குள் எங்கள் பக்கத்துப் பெண்ணொருத்தி, “ஜாடியே குறைங்கிறாக, வெள்ளியெல்லாம் எப்புடியோ!” என்று சிரித்தாள். தம்பி என் முழங்கையைப் பிடித்தான். “அண்ணே, கையில இருக்கறத கீழ வையிங்க. மானம் போகுது.”

ஆச்சியின் கண் கலங்கிவிட்டது. நாரத்தையும் மாவடுவும் தன் கையாலேயே போட்டு, மகள் புதுக் குடித்தனத்தில் ஒரு வருடம் தொட்டுக்கொள்ளட்டும் என்று நிரப்பி வைத்திருந்தார். அந்தப் பெண் ஒரு வருடம் சாப்பிடப்போவது எதை என்று எனக்குத் தெரியும். எப்படி வாயை மூடிக்கொள்வது? விளக்கிச் சொன்னேன்.

“அடியில கோப்பையும் முள்கரண்டியும் போட்டிருக்கே அண்ணே! சாப்பாட்டுச் சாமான்னு சொல்லித்தானே கடையில குடுத்தாக?”

போட்டுத்தான் இருந்தது. அந்தப் படத்தைப் போட என்னென்ன தாளில் யார் யார் கையெழுத்திட வேண்டும் என்று நான் தூக்கத்திலும் சொல்வேன். ஜாடி வார்த்தவனோ அச்சு வெட்டுகிறவனிடம் சொன்னான், அவன் வெட்டிவிட்டான். வேலை முடிந்தது.

வழியைக் கண்டது மணப்பெண்தான். “ஆத்தா, மேல பீங்கான் ஜாடி சும்மாதானே கெடக்கு? அதுல மாத்திருவோம். பரப்புறதுக்கும் அதான் அழகு. பெரிய மாமா, இனிமே வேற எதையும் கவுக்காதீக.” எல்லாரும் சிரித்தார்கள். ஆச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லைப்பக்கம் போய், என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இப்போது என் நாற்காலியில் இருப்பவனைத் தொலைபேசியில் பிடித்து, பேட்டரி ரெசின் ஊறுகாய் ஜாடிக்கு எப்படிப் போனது என்று கேட்டேன்.

“அது தரத்துல தேறாத சரக்கு சார். வியாபாரிக்கு மொத்தமா தள்ளிடுறோம். அவங்க அதுல என்ன செய்றாங்கன்னு நாம எப்படிப் பாக்க முடியும்?”

“மூட்டையில ‘உணவுக்கு ஆகாது’ன்னு ஒரு வரி அச்சடிக்கலாமே?”

“அப்படி அடிச்சா யாரும் வாங்க மாட்டாங்க சார்.” பிறகு, மிகுந்த மரியாதையோடு, “உடம்பைப் பாத்துக்கங்க சார்” என்றான்.

பேட்டரிக்கே தேறாத சரக்கு. அதில் என் மருமகளுக்கு மாவடு.

அடுத்த வாரம் என் வீட்டுச் சமையலறையில் அதே முத்துப் பளபளப்பு. “சம்பந்தி ஆச்சி குடுத்து விட்டாக,” என்றாள் மனைவி. “புதுச் சாமான், வீணாப் போக வேணாமேன்னு நம்ம பங்காளி வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொண்ணு குடுத்தாகளாம். ஊறுகாய்க்குத்தானே ஆகாதுன்னீக? நான் நெய் ஊத்தியிருக்கேன்.”

நெய்யைக் கொட்டினேன். அவள் பேசிய பேச்சை எழுத முடியாது. மறுநாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு, மற்ற ஜாடிகளையும் வாங்கிவரப் புறப்பட்டேன். முதல் வீட்டில் கதவைத் திறந்தவள், கல்யாணத்தில் சிரித்த அதே பெண்தான். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏண்ணே, குடுத்த சாமானத் திருப்பி வாங்கவா வந்திருக்கீக?”

“ஆமா,” என்று சொல்லிப் பையை விரித்தேன்.