தகரச் சுவரில் தட்டிய அப்பா

இன்று காலை வெரிபீ நகரிலுள்ள எங்கள் வீட்டில், மகளின் நனைந்த கம்பளிக் கையுறையை ஹீட்டருக்கு அருகில் காயவைத்தபோது எழுந்த வாசனை, எப்போதோ காட்டுத்தீயில் எரிந்துபோன ஒரு மலைக்குடிசைக்கு என்னைக் கூட்டிப் போனது. என் சிறுவயதில், தென்கோளத்தின் குளிர்காலம் முடியப்போகும் ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் பறவை பார்க்க அம்மா எங்களை அங்கே அழைத்துப் போவார். யூக்கலிப்டஸ் மரங்களிலிருந்து உருகும் பனி கூரையில் சொட்டிக்கொண்டே இருக்கும், அப்பா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுவார், நான் நனைந்த கம்பளிக் கையுறைகளோடு அந்தச் சூடான கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், துருப்பிடித்த கதவு திறப்பதுபோலக் கத்தும் செந்தலைக் காக்கட்டூக் கிளி ஒன்றைத் தேடி அம்மா தனியே மரங்களுக்குள் போன சிறிது நேரத்தில், மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அப்பா கூப்பிட்டுப் பார்த்தார்; பதில் இல்லை. என்னைத் தனியே விட்டுத் தேடிப் போகவும் முடியாமல், ஒரு விறகுக்கட்டையை எடுத்துக் குடிசையின் தகரச் சுவரில் தட்டத் தொடங்கினார். நான் அழத் தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

வெள்ளைக்குள்ளிருந்து முதலில் அம்மாவின் நீலத் தொப்பி தெரிந்தது.

“ஏனப்பா இப்பிடித் தட்டுறியள்? குருவியள் எல்லாம் பறந்திட்டுது,” என்றார் அம்மா.

“பறக்கட்டும். நீர் வந்து இதிலை இரும்,” என்றார் அப்பா.

பாதை தெரியாமல் நின்றதையும், சத்தம் வந்த பக்கமே நடந்ததையும் அம்மா காரில் திரும்பும்போதுதான் சொன்னார். குடிசையில் அவர் அப்பாவின் சிவந்த உள்ளங்கையைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இருவருக்கும் நடுவில் நுழைந்து, அப்படியே தூங்கிப்போனேன்.