பழைய பக்கத்தில் இரண்டு டம்ளர்

ஜூலை 12, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். புனேயில் நாங்கள் இருக்கும் பாணேரில் நல்ல மழை, நடைப்பயிற்சி ரத்து. பால்காரர் வழக்கம்போல இரண்டு பாக்கெட் போட்டிருந்தார். ஒன்று போதும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்குப் பழைய கணக்குதான். பொஹா செய்தேன், நம் ஊர் அவல் உப்புமாதான். உப்பு சரியாக இருந்தது. பிறகு மதுரைக்கு போன்.

மதுரையில் என் மனைவி கோமதி இருக்கிறாள். பேங்கில் மாற்றல், ஜூன் மாதம் போனாள். நான் அனுப்பும் படங்களெல்லாம் அவளுடைய பேங்க் குரூப்களின் 'குட் மார்னிங்' ரோஜாக்களுக்கு அடியில் புதைந்துபோகும். அதனால் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு வெப்சைட் செய்தேன். வேலைக்கு வெப் சர்வர் பார்ப்பவன் வேறு என்ன செய்வான்? தினம் மாலை ஒரு போட்டோ, நாலு வரி. காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் அவள் பார்ப்பாள்... என்று நம்பியிருந்தேன்.

ஆனால் போனில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். நானும் கேட்கவில்லை. 'படிச்சியா?' என்று பெண்டாட்டியிடம் போய்க் கேட்பதா? எனக்கும் கொஞ்சம் ரோஷம் உண்டு.

அன்று வாய் தவறிவிட்டது.

"கறிவேப்பிலை எப்படித் துளிர்த்திருக்கு, பார்த்தியா?"

"எந்தக் கறிவேப்பிலை?"

"முந்தாநாள் போட்டேனே, நம்ம பக்கத்துல!"

"அங்க ரெண்டு டம்ளர்தாங்க இருக்கு. நான் கிளம்பின அன்னைலேருந்து அதேதான்."

பால்கனிச் சுவரில் இரண்டு காபி டம்ளர். ஒன்றில் பாதிக் காபி; கேப் வந்துவிட்டதென்று அவள் வைத்துவிட்டுப் போனது. நான் முதன்முதலில் போட்ட படம்.

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க எடுக்க மனசு வராம அதையே வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். கேட்டா அழுதுருவேனோன்னு... விட்டுட்டேன்."

நடந்தது இதுதான். ஒவ்வொரு மாலையும் என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பேன், ஜம்மென்று இருக்கும். ஏற்றியதும் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வரும். மூடிவிடுவேன். அவள் திறக்கும் முகவரியை நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை! 'என் மெஷின்ல ஓடுது சார்' என்று ஆபீஸில் எவனாவது சொன்னால் அவனை உண்டு இல்லை என்று ஆக்குபவன் நான்.

சர்வரில் இருந்தது பழைய மென்பொருள். புதுப் பக்கம் ஏற்றினாலும் பழையதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதையே காட்டும் கோளாறு அதில் உண்டு. புதிய பதிப்பில் சரிசெய்திருக்கிறார்கள். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அப்கிரேடில் இறங்கினேன். பேக்கப் எடுத்தேன். பழையதை நிறுத்தினேன். புதியதை நிறுவினேன்.

கிளம்ப மறுத்தது.

"டீம் லீடர் சார், இப்ப டம்ளரும் போச்சு" என்றாள் கோமதி. கிண்டல்தான். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அது திரும்ப வரும்ல?"

"வரும், இரு."

பழைய செட்டிங்கில் ஒரு வரியைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை. எடுத்தேன். மறுபடி கிளப்பினேன்.

"இப்ப பாரு."

அங்கே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். துளிர்விட்ட கறிவேப்பிலை, கருகிப்போன என் தோசை, பால்கனியில் காயாத துணி, அவள் பக்கத்துத் தலையணை மேல் நான் வைத்த செய்தித்தாள்... ஒவ்வொன்றாகப் படிக்கிறாள் என்று புரிந்தது.

"தினமும் எழுதினீங்களா?"

"தினமும்."

"நான் ஒண்ணும் சொல்லலன்னு தெரிஞ்சும்?"

"ம்."

மூக்கை உறிஞ்சினாள். "தோசைக்கல்லு நல்லாக் காயட்டும். அப்புறம் மாவ ஊத்துங்க. அந்த டம்ளர் எங்க?"

"கீழே. கடைசில இருக்கு."

"அத மட்டும் எடுத்துராதீங்க."

பக்கத்தில் இருந்தால் ஒரே பார்வையில் தீர்ந்திருக்கும். தூரத்தில், நமக்குத் தெரிவதுதான் அவர்களுக்கும் தெரிகிறது என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம் — பிறகு ஏன் பேசவில்லை என்று வருந்துகிறோம்.

ஞாயிறு காலை எழுந்ததும் லேப்டாப்பைத் தொடவில்லை. முதல் வேலையாக மதுரைக்கு போன் போட்டேன். "உனக்கு என்ன தெரியுது?"

"மணி அஞ்சரைன்னு தெரியுது" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.