நிறுத்துவதற்குக் கூலி

சாலத்திகா ஊர்ச் சந்தைத் தெருவில் பாட்டுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பாட்டை நிறுத்துவதற்குத்தான் கொடுப்பார்கள். சோற்றுக்கடை, மீ நூடுல்ஸ் கடை, கைப்பேசிக்கு உறை விற்கிற கடை, எதுவானாலும் இதுதான் வழக்கம். பாடுகிறவள் வாசலில் வந்து நிற்பாள், தோளில் தொங்கும் சின்னக் கிதாரை இரண்டு தட்டுத் தட்டுவாள், வாயைத் திறப்பாள். கல்லாவில் இருப்பவர் தலையைத் தூக்காமலே ஓர் ஐந்நூறு ரூப்பியா நாணயத்தை நீட்டுவார். காசு கைக்கு வந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தால் அது மரியாதைக் குறைவு; இது போதாது என்று குத்திக்காட்டுவது போல. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர வேண்டும்.

பார்த்தினி இந்தத் தொழிலுக்கு வந்தபோது மகள் எத்தி அவள் வயிற்றில் இருந்தாள். எத்திக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், சுராபாயாவில் குடித்தனம். இடைப்பட்ட காலத்தில் பார்த்தினி பாடிய முதல் சரணங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் செமாராங் துறைமுகம் வரை போய்த் திரும்பலாம். இரண்டாம் சரணங்களை முடிச்சுப் போட்டால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குக்கூட எட்டாது.

மீ கடை சுப்ரப்தோ கூண்டில் ஒரு மைனா வளர்த்தார். தினமும் கேட்டுக் கேட்டு அதுவும் பார்த்தினியின் பாட்டைக் கற்றுக்கொண்டுவிட்டது. முதல் வரியைப் பாடும், "நன்றி பாக்", அதாவது நன்றி ஐயா, என்று சொல்லும், உடனே குச்சியின் மறுகோடிக்குத் தாவிவிடும். நம்பாதவர்கள் சுப்ரப்தோவையே கேட்டுப் பார்க்கலாம். அவரும் செத்துப்போனார், மைனாவும் செத்துப்போனது, அது வேறு விஷயம்.

அவர் உயிரோடிருந்த நாளில் அவளை இபு, அதாவது அம்மா, என்று கூப்பிட்டுச் சீண்டாமல் காசு கொடுத்ததில்லை.

"என்ன இபு, இன்னிக்குக் குரல் கரகரங்குது?"

"ஐந்நூறுக்கு இவ்வளவுதான் பாக். ஆயிரமாக் குடுங்க, இன்னும் சீக்கிரமா நிறுத்துறேன்."

பார்த்தினி வாசலுக்கு வாசல் எடுத்துவிட்டது படகுத்துறைப் பாட்டு. ஒரு பெண் விளக்கோடு ஆற்றுத்துறையில் நிற்கிறாள். புருஷன் அக்கரையில் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். இன்று வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். இவ்வளவும் முதல் சரணத்தில் வந்துவிடும். பிறகு என்ன ஆயிற்று என்பது சாலத்திகாவில் யாருக்கும் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை அவள் இன்னும் துறையிலேயேதான் நிற்கிறாள்.

போன மழைக்காலத்தில் பார்த்தினியின் வலது முழங்கால் வீங்கி, நடந்தால் மரக்கதவு மாதிரி முனகத் தொடங்கியது. தெருவின் பாதிக்கு மேல் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஹெந்த்ரோ அவளைக் கூப்பிட்டான். ஜகார்த்தாவிலிருந்து திரும்பி வந்த பையன். பழைய சைக்கிள் டயர் கடை ஒன்றை வாங்கி, டயர்களை அலங்காரமென்று சுவரிலேயே விட்டுவைத்து, காப்பிக்குச் சந்தை விலையைப் போல மூன்று மடங்கு வைத்திருந்தான். கல்லூரிப் பிள்ளைகள் டயருக்குக் கீழே உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இபு, சனிக்கிழமை சாயங்காலம் நம்ம கடையில பாடுறீங்களா? எதிர்க் கடையில கிதார் வாசிக்க ரெண்டு பசங்களை வெச்சிருக்கான். நான் வேற மாதிரி ஆளு தேடுறேன்."

"எந்த வாசல்ல நிக்கணும் மாஸ்?" ஊரில் இளைஞர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வாசல்ல இல்ல, உள்ள. ஸ்டூல் போடுறேன், மைக்கு வெக்கிறேன்."

"உக்காந்தா பாடணும்?" அவளுக்கு முழங்கால்தான் முதலில் ஞாபகம் வந்தது. அப்புறம்தான் மற்றதைக் கேட்டாள். "பாட்டு முழுசாவா?"

"பின்ன? அரைப் பாட்டுக்கு யாராவது ஆள் வெப்பாங்களா?"

ஒரு சாயங்காலத்துக்கு நூறாயிரம் ரூப்பியா, ஒரு தட்டுச் சோறு. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். பிரியப்பட்டவர்கள் அதில் போடுவது அவளுக்கே. முதல் சனிக்கிழமை பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குப் பிடித்தால் வாராவாரம். பிடிக்காவிட்டால் பழையபடி தெரு.

வீட்டுக்கு வந்து கிதாரை எடுத்து உட்கார்ந்தவளுக்கு இரண்டாம் சரணம் பாதிதான் வந்தது. மூன்றாவது வரவே இல்லை. அவள் புருஷன் துக்கிமின், பழைய பஸ் கண்டக்டர்; கல்யாணமான புதிதில் அவள் அந்தப் பாட்டை முழுக்கப் பாடிக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"கடைசியில செருப்பு வருமே, எத்தி அம்மா."

"எந்தச் செருப்பு?"

"அவன் செருப்புதான். படகு வருது, அவன் வரல, தம்பிக்காரன் செருப்பைக் கொண்டாந்து குடுக்கிறான். நீ பாடுறப்ப நான் அழுதேன்."

"அழுதீங்களா? பல்வலின்னு சொன்னீங்க."

இரண்டு பேருமாக வார்த்தை வார்த்தையாகத் தோண்டி எடுத்து ஒட்டவைத்தார்கள். எங்கேயும் நிறுத்தாமல், கேட்க ஆள் வைத்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் ஒரு பாட்டு. அந்த ஆசை இத்தனை வருடமும் தனக்குள் இருந்தது என்பதே பார்த்தினிக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை பச்சைக் கெபாயாச் சட்டை உடுத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மைக்கில் தன் மூச்சே தனக்குக் கேட்டது. ஆரம்பித்தாள். பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். துறை வந்தது, விளக்கு வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் நல்ல மனதோடு எழுந்து வந்து கிண்ணத்தில் ஒரு நாணயத்தைப் போட்டாள். கண்ணாடியில் அது கிண்ணென்றது.

பார்த்தினி பாட்டை நிறுத்தினாள். "நன்றி" என்றாள். கிதாரைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள். மழைக்காலம் பூராவும் முனகிய முழங்கால் அன்று முனகக்கூட இல்லை. பக்கத்துச் செருப்புக்கடை வாசலில் நின்று கிதாரை இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

திரும்பி வந்தபோது கடையே எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க. பழக்கம்."

மறுபடி தொடங்கினாள். இந்த முறை மூக்குக்கண்ணாடிப் பையன் ஒருவன் வேண்டுமென்றே வந்து போட்டான். அவள் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டாள், கால் எழவில்லை. ஆனால் வாய் நின்றுவிட்டது. "நன்றி" என்று மைக்கில் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகு வரிசை கட்டினார்கள். ஒருவன் படம் பிடித்தான். ஒருத்தி முதல் வார்த்தை வாயிலிருந்து வருவதற்கு முன்னாலேயே போட்டாள். அதற்கும் அவள் நின்றாள். துறையில் நின்றவளால் அன்று விளக்கைக்கூட ஒழுங்காக ஏற்ற முடியவில்லை.

கடை மூடும்போது ஹெந்த்ரோ கூலியைக் கையில் வைத்தான்.

"வாராவாரம் வந்துடுங்க இபு."

"பாட்டு அவங்களுக்குப் பிடிச்சிருந்துதா மாஸ்?"

"பிடிச்சிருந்துது. நீங்க நிறுத்துறது அதைவிடப் பிடிச்சிருந்துது."

அடுத்த சனிக்கிழமை வாசலில் பலகை வைத்துவிட்டான்: காசு போட்டால் நிற்கும் பாட்டம்மா. எதிர்க் கடையின் கிதார்ப் பையன்களே அவளைப் பார்க்க வந்தார்கள். மகெலாங்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சில்லறை கேட்டு ஆள் வருகிறது என்று சந்தை வங்கிக்காரர்கள் பயந்து கதவைச் சாத்தியதாகக்கூடச் சொல்வார்கள். கிண்ணத்துக் காசை மஞ்சள் பையில் கட்டித் துக்கிமின் தூக்கிக்கொண்டு போனான். முழங்காலுக்கு மருந்து வந்தது, கூரைக்குப் புது ஓடு வந்தது.

பார்த்தினிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

"இதை நான் விடணும், எத்தி அப்பா."

"எதை? காசையா?"

"நிறுத்துறதை."

அதற்கு ஒரு பயிற்சி கண்டுபிடித்தார்கள். அவள் அடுப்பங்கரையில் பாட, அவன் கதவுக்குப் பின்னால் நின்று தகரத் தட்டில் நாணயம் போடுவான். நின்றால் திரும்ப முதலிலிருந்து. தட்டுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, உள்ள காசு மழையா பெய்யுது?"

"ஒரே காசுதான். இவரு பொறுக்கிப் பொறுக்கிப் போடுறாரு."

முதலில் அவள் தோள் மட்டும் துள்ளியது. அப்புறம் கண் இமை. கடைசியில் ஒரு நாள் காலையில், தட்டில் காசு விழ விழ, தம்பிக்காரன் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். துக்கிமின் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. பல்வலி என்றான்.

அந்தச் சனிக்கிழமை அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முதல் காசு விழுந்தது, பாட்டில் மழை பெய்தது. இரண்டாவது விழுந்தது, நடு ஆற்றில் படகு தெரிந்தது. யாரோ ஒருவன் ஒரு பிடி நாணயத்தை அள்ளிப் போட்டான். படகு கரை சேர்ந்தது, செருப்பு கை மாறியது, பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தாள்.

ஒருவரும் கை தட்டவில்லை. மூக்குக்கண்ணாடிப் பையன் கல்லாப் பக்கம் திரும்பினான்.

"மாஸ், இது வேலை செய்யல."

"நாங்க மகெலாங்லேர்ந்து வந்திருக்கோம்," என்றாள் ஒருத்தி. போட்ட காசைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான் இன்னொருவன். கேட்டுவிட்டு எடுத்தும் கொண்டான்.

ஹெந்த்ரோ அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனான். அவன் கெட்டவன் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"நல்லாத்தான் இருந்துது இபு. ஆனா முழுப் பாட்டு எதிர்க் கடையிலயும் இருக்கு. இங்க வர்றது அதுக்கு இல்லியே."

"எனக்கு இப்ப நிறுத்த வரமாட்டேங்குது மாஸ். போயிடுச்சு."

"போனா என்ன? நிறுத்துற மாதிரி நடிங்க. யாருக்குத் தெரியப்போகுது? முடியாதுன்னா சொல்லிடுங்க, எங்க ஒண்ணுவிட்ட அக்கா கேட்டுட்டிருக்கா. அவ நாடகத்துல நடிச்சவ."

பார்த்தினி மடித்துவைத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரு நனைந்து கிடந்தது.

"பாடுறதுக்கு ஒரு கூலி. நடிக்கிறதுக்கு ஒரு கூலி," என்றாள்.

"சோத்துல ஒரு முட்டை சேத்துப் போடச் சொல்றேன்," என்றான் ஹெந்த்ரோ.

நடித்தாள். நன்றாகவே நடித்தாள். திடுக்கிடுவாள், "நன்றி" என்பாள், சில வாரம் வாசல் வரைக்கும் ஓடியும் காட்டுவாள். ஓட்டத்துக்குத் தனிச் சிரிப்பு உண்டு. பழக்கத்தில் நின்றபோது வராத கூச்சம் நடிக்கும்போது வந்தது. அதையும் நடிப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நோன்பு முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை, சிரம்போன் என்று ஒரு நடுவயதுக்காரி கடைக்குள் வந்தாள். கை இரண்டும் சோப்புத் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. விலைப் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கடைசியில் எதில் விலை குறைவோ அந்தக் காப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டூலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கும் முன் பார்த்தினியிடம் குனிந்து சொன்னாள்:

"நான் சந்தைக்குப் பின்னால சோத்தோ சூப்புக் கடையில தட்டு கழுவுறேன் இபு. நீங்க வாசல்ல பாடுறது பின்கட்டுல எனக்குக் கேக்கும். அந்தத் துறைப் பாட்டு. எங்க முதலாளியம்மா உடனே காசைக் குடுத்துடுவாங்க. அவன் வந்தானா இல்லியான்னு எனக்கு இன்னும் தெரியாது. இங்க முழுசா பாடுறீங்கன்னு சொன்னாங்க."

பார்த்தினி கிதாரை மடியில் இழுத்துக்கொண்டாள். "உக்காந்து கேளுங்க இபு," என்றாள்.

தொடங்கினாள். இந்த முகத்துக்காகவே தொடங்கினாள். சிரம்போன் காப்பியைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். விளக்கு வந்தது. கிண்ணத்தில் காசு விழுந்தது. பார்த்தினி கல்லாவைப் பார்த்தாள். ஹெந்த்ரோ புருவத்தை உயர்த்தினான். அவள் நின்றாள். "நன்றி" என்றாள். கடை சிரித்தது.

மறுபடி தொடங்கினாள். மறுபடி காசு.

மூன்றாம் தடவை சிரித்து ஓய்வதற்குள் சிரம்போன் எழுந்து நின்றாள். இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து அவிழ்த்தாள். சத்தமாகத்தான் கேட்டாள், அவளுக்கு மெல்லப் பேசிப் பழக்கமில்லை.

"நிறுத்துறதுக்குக் காசுன்னா சரி. நிறுத்தாம பாடுறதுக்கு எவ்வளவு இபு?"

எல்லாரும் பார்த்தினியைப் பார்த்தார்கள். மைக் வாய்க்கு நேராக இருந்தது. கல்லாவிலிருந்து ஹெந்த்ரோவும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது விலை அதிகம், இபு," என்றாள் பார்த்தினி.

சுவரில் மாட்டியிருந்த டயரெல்லாம் கழன்று விழாத குறையாகச் சிரித்தார்கள். மேசையைத் தட்டினார்கள். பார்த்தினியும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்துவிடும். சிரம்போன் பையைத் திரும்ப முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். காப்பியை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள், காசு கொடுத்ததை வீணாக்க மனமில்லாமல். கோப்பையை அவளே கொண்டுபோய்க் கல்லாவில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்று கிண்ணம் இரண்டு முறை நிரம்பியது. கடை மூடும்போது ஹெந்த்ரோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"விலை அதிகம்னு சொன்னீங்களே, அது பிரமாதம் இபு. அடுத்த வாரமும் சொல்லுங்க. கேக்கிறதுக்கு ஆளை நான் ஏற்பாடு பண்றேன்."

அடுத்த வாரமும் சொன்னாள்.