சகலையின் பாதிக் காடு

விடிந்ததும் நான் பார்த்தது தண்ணீரைத்தான். மாமனாரின் காட்டில் என் பாதி முழுவதும் அது தேங்கி நின்று, செந்நிறமாக வரப்பை மீறி வழிந்துகொண்டிருந்தது. நடுவரப்புக்கு அந்தப் புறம், சகலையின் பாதியில், கையளவு குட்டைகூட இல்லை. பெய்தது ஒரே மழை. இரண்டும் ஒரே செம்மண்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லை. மூத்த மகளை எனக்கும், இளைய மகளை மல்லசமுத்திரத்துப் பக்கத்தவரான சகலைக்கும் கொடுத்திருந்தார். தமக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் அந்த மானாவாரிக் காட்டை ஆளுக்குப் பாதியாக விட்டு, "இந்த வெள்ளாமையில ஆரு நல்லா வெளைய வெக்கறீங்களோ, அவுங்க கையில முழுக் காட்டையும் உட்டர்றனுங்க" என்றார். எனக்குக் காடு அவ்வளவு முக்கியமில்லை. மூத்த மருமகனான என்னைத்தான் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும், அது முக்கியம்.

எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவன் நான். புல், வேர், தட்டைக்கட்டை எல்லாவற்றையும் பொறுக்கி எரித்தேன். புதிய இரும்புக் கலப்பையால் திரும்பத் திரும்ப உழுது, கட்டிகளை உடைத்து, பரம்படித்து, மண்ணை மாவாக்கிக் கடலை விதைத்தேன். சகலையோ சட்டைப் பொத்தானைக்கூட நேராகப் போடாதவர். ஆட்டுப்பட்டி போட்டார், புழுக்கையையும் கம்பங்கட்டையையும் மண்ணோடு சேர்த்து, பதம் பார்த்து ஓரிரு முறை உழுததோடு நிறுத்திக்கொண்டார். அவர் பாதி கட்டியும் குப்பையுமாகக் கிடந்தது.

மாமனார் என் பாதியைப் பார்த்து, "காட்ட நல்லா வழிச்சு வெச்சிருக்கறீங்க மாப்பளே. கண்ணாலப் பந்தலே போட்டரலாம்" என்றார். சகலை சிரித்துக்கொண்டே, "அண்ணங் காட்டுல சோத்தக் கொட்டியே திங்கலாமுங்க மாமா" என்றார். இரண்டையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த மழை. அடுத்து வெயில் அடித்ததும் என் மேல்மண் ஓடுபோல இறுகியது. விதை முளைத்திருந்தது; ஆனால் முளைகள் அந்த இறுகிய மண்ணைப் பிளக்க முடியாமல் அடியில் வளைந்து கிடந்தன. சகலை சாப்பிடப் போன நேரத்தில் அவர் பாதியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பிட்டேன். அழுகிய வேர் விட்டுப்போன துளைகள், தீக்குச்சி நுழையும் அளவுக்கு மண்புழு போன வழிகள், மண்ணுருண்டைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்துளைகள். பெரியவை மழையை உள்ளே விட்டிருந்தன. சிறியவை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன. என் மண்ணிலோ மாவு கரைந்து எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டது, பிட்டால் செங்கல். எடுத்த கட்டியை இருந்த இடத்திலேயே, இருந்த வாக்கிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று பிற்பகல் சகலை மாடுகளைப் பூட்டி, கல்லேற்றிக் கட்டிய முள்மரக் கிளைகளோடு என் பாதிக்குள் வந்து நின்றார்.

"முள்ளு இழுத்தர்லாமுங்கண்ணா. மேலோடு ஒடஞ்சாப் பயிரு வந்துரும்."

"நானே பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நா இழுக்கறன்."

பொழுது சாயும்வரை இழுத்தார். பாதிப் பயிர் பிழைத்தது. அவர் என்னைக் கேலி செய்திருந்தால்கூட எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுவடையில் அவர் செடிகள் பிடுங்கியதும் கொத்துக் கொத்தாகக் காயோடு வந்தன. என் செடிகள் வெறுங்கொடியாக வந்தன. இருந்த கொஞ்சக் காயும் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. மாமனார் முழுக் காட்டையும் இளைய மருமகன் கையில் கொடுத்தார். "நீங்களும் அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னங்க?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

கேட்காமலே எல்லாவற்றையும் செய்தேன். பல ஆண்டுகளாக என் சொந்தக் காட்டில் பட்டி போடுகிறேன், கட்டையை எரிப்பதில்லை, ஈரப்பதம் வராமல் ஏர் பூட்டுவதில்லை. நேற்றுப் பெய்த கனமழையில் ஒரு குட்டைகூடத் தேங்கவில்லை. இன்று காலை வண்டியோட்டி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மாட்டை நிறுத்தி, காட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்க சகலை பண்ணயமுங்களா?"

"இல்லீங்க. என்னுது."

"அப்படீங்களா! அச்சு அசலா அவரு காடாட்டமே இருக்குதுங்க."

மனமாரப் பாராட்டிவிட்டுத்தான் போனார். மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை.