பேச்சியம்மாவும் துரையின் ஓர்க்கிட் படமும்

பேச்சியம்மாவைக் கள்ளி என்று சொன்னவன் நான்தான். அவரைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் மனம் ஆறாது.

1957இல் இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கர், ஆபீசில் கணக்கெழுதுபவன். எனக்கு ஓர்க்கிட் பைத்தியம். காட்டோரம் பூத்ததையெல்லாம் படம் பிடித்து, புத்தகத்தைப் பார்த்துப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடையாது, அளவு தெரியாது. கட்டைவிரல் அளவுப் பூவும் கடுகளவுப் பூவும் ஒன்றுபோலவே நிற்கும். இருந்தும் தோட்டத்தை நடத்திய துரை என்னைப் பெரிய நிபுணன் என்று நம்பினார். நானும் நம்பினேன், அதுதான் வினை.

பேச்சியம்மா கொழுந்து பறிப்பவர். பத்து வயதில் கூடை தூக்கியவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. புருஷன் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தார். அவர்களும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டார்கள். விறகுக்குப் போன இடத்தில், விழுந்து கிடந்த மரத்திலிருந்து ஓர் ஓர்க்கிட்டை எடுத்துவந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தன் கூரையோரம் கட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் துரை பங்களாவில் ஓர் ஓர்க்கிட் தொட்டி காணாமல் போனது. துரை அதன் பழைய படத்தை என்னிடம் தந்தார். பூதக்கண்ணாடியும் கையுமாக லயத்துக்குப் போய், படத்தையும் பேச்சியம்மாவின் செடியையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே பூ, அதே இலை. மறுநாள் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் அவரைக் கள்ளி என்று சொல்லிவிட்டேன். களவென்றால் பத்துச்சீட்டு கொடுத்து ஆளை நிறுத்திவிடுவார்கள். வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

பேச்சியம்மா அழவில்லை. துரையும் நானும் இருந்த ஆபீசுக்கு நேரே வந்தார். காணாமல் போன செடியிலிருந்து பிரித்து நட்ட இன்னொரு தொட்டி பங்களாவில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் தன் செடியையும் கொண்டுவரச் சொன்னார். பங்களாச் செடியில் அப்போது பூ இல்லை. இலையை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும் என்று கேட்டேன்.

“பூவ விடுங்கையா. எலைய என் கையில குடுங்க.”

முதுகைக் காட்டி நின்று கையைப் பின்னால் நீட்டினார். இரண்டு செடியையும் மாற்றி மாற்றித் தொடவைத்தேன். பன்னிரண்டு தடவையும் அவர் பிசகாமல் சொன்னார். ஆள் முகம் தெரியாத பனிமூட்டத்தில், முப்பது வருஷம் கொழுந்தையும் முற்றலையும் விரலால் பிரித்தவர் அல்லவா! துரையின் செடிக்கு இலை ஓரம் வழவழப்பு, தன்னுடையதற்கு ஓரம் அறுக்கும் என்றார். துரை கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். பிறகு நானும் தடவினேன். உண்மைதான். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த விரல்களைக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

வேலைக்குப் போகலாம் என்றார் துரை. பேச்சியம்மா நகரவில்லை.

“பெரட்டுல வச்சுத்தானேங்கையா என்னயக் கள்ளின்னு சொன்னீங்க. பெரட்டுலயே இல்லேன்னு சொல்லுங்க. எம் புள்ளைங்களும் அங்கதான் நிக்குதுங்க.”

மறுநாள் காலை இருநூறு பேர் முன்னால் நின்று, பேச்சியம்மா எதையும் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். குரல் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்து அவருடைய மூத்த மகள், கேட்கவில்லை என்றாள்.

இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.