பலாமரத்தடியில் புதைத்த பரணி

1951-ம் வருஷம். கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இங்கே சிவப்புக்கொடிக்காரர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், பழவங்காடிக்குக் கொஞ்சம் தள்ளிக் குடியிருந்தோம். கணவருக்குச் சர்க்கார் உத்தியோகம். அவர் தம்பி, என் கொழுந்தன், எங்களோடு தங்கிக் காலேஜில் படித்தான். மாணவர் ஊர்வலத்தில் போனான் என்று ஒருமுறை அவனைப் பிடித்துக்கொண்டு போய், முதுகுத்தோலை உரித்து அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே நான் ஓடிப்போய்க் கதவைத் தாழ்போடுவேன்.

பின்பக்க அறையை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். மிஷன் பள்ளிக்கூட டீச்சர். அப்பா கொரியாவில் பாதிரியாராம். பிறந்து வளர்ந்தது எல்லாமே அங்கேதான். சண்டை வந்ததும் உடுத்த துணியோடு கப்பலேறியவள். மூன்று வேளையும் மிஷன் பங்களாவில்தான் சாப்பாடு: ரொட்டி, வெண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு. ஆனாலும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். வெள்ளைக்காரிக்கு வெள்ளைக்காரச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமலா போகும், வேறு ஏதோ சீக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கணவர் ஆபீஸில்; வீட்டில் நானும் கொழுந்தனும்தான். திமுதிமுவென்று வந்த இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் நேரே பின்பக்கம் போனார்கள். யாரோ கோள் மூட்டியிருக்கிறார்கள், வேறென்ன? பலாமரத்தடியில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

"ஆரா இது குழிச்சிட்டது? சத்யம் பற!" என்று இன்ஸ்பெக்டர் கொழுந்தனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"மைனி, அம்மையாண எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று அவன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

ஒரு போலீஸ்காரன் மண்ணை வெட்டினான். ஊறுகாய் போடுகிற பெரிய ஜாடி, பரணி என்போமே, அது ஒன்று தெரிந்தது. வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, மூடியை மெழுகு வைத்து அடைத்திருந்தது. மண்ணை விலக்கியதும் உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "சாரே, குண்டாணு!" என்று, வெடிகுண்டுதான் என நினைத்து அலறிக்கொண்டு அத்தனை பேரும் பின்னால் பாய்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவிக் கொழுந்தன் பக்கம் நீட்டினார். "நீயல்லே வெச்சது? நீ தன்னெ எடு!"

"ஐயா, கும்பிடுதேன், அவன விட்டுருங்க! நான் எடுக்கேன்!" என்று நான் ஓடினேன். ஒருவன் என் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டான். பையன் குழிக்குப் பக்கத்தில் மண்டி போட்டான். பரணியின் கழுத்தில் கை வைத்தான்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தாள். கூடவே அவளுடைய தலைமை ஆசிரியை, இன்னொரு வெள்ளைக்கார அம்மாள். டீச்சர் பரணியைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கணம் அந்த அம்மாளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த நிமிஷம் ஓடிவந்து பையனைத் தள்ளிவிட்டுக் குழியில் விழுந்தாள். "இது என்டெ ஆகாரம்! என்டெ ஆகாரம்!" என்று தெரிந்த அரைகுறை மலையாளத்தில் கத்தியபடி துணியைப் பிய்த்து மூடியை நெம்பினாள். நுரை பொங்கி வழிந்தது. பூண்டும் உணக்கச் செம்மீன் என்கிற காய்ந்த இறாலும் புளித்த வாடை, அம்மாடி! சிவப்பாக ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து, எல்லோருக்கும் தெரிய வாயில் போட்டு மென்றாள். கண்ணில் தாரையாகத் தண்ணீர்.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு "சே!" என்றார். பையனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

தலைமை ஆசிரியை திரும்பி நடந்தார். அன்று சாயங்காலம்தான் டீச்சர் சொன்னாள். கொரியாவில் இந்தப் புளித்த ஊறுகாய்க்குக் கிம்ச்சி என்று பெயராம். இதைப் போட்டு வைத்த குழம்பை நடுவில் வைத்து, வீட்டார் அத்தனை பேரும் அதிலேயே கரண்டி விட்டுச் சாப்பிடுவார்களாம். பங்களாவிலோ தனித்தனித் தட்டு, கத்தி, முள், பேச்சுமூச்சு கிடையாது. இது இல்லாமல் அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பங்களாவில் ஒருமுறை இதைப் போட்டதற்கு, இன்னொரு தடவை இந்த நாற்றம் வந்தால் வேலை கிடையாது என்று அந்தத் தலைமை ஆசிரியையே சொல்லிவிட்டாராம். அதனால்தான் எங்களுக்கும் தெரியாமல் மண்ணுக்குள் ஒளித்திருக்கிறாள். இந்த ஊர்ச் சூட்டில் அது பொங்கிவிட்டது.

சொன்னபடியே அவளுக்குச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். ரயிலேற்றப் போனபோது என் கொழுந்தன் தேம்பித் தேம்பி அழுதான்; அவள்தான் அவனைத் தேற்றினாள். எங்கே போனாள், எப்படி இருந்தாள், ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் வேலையும் போயிருக்காது, யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று என் கொழுந்தன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அந்தக் குழந்தைகள் என் மடியில் வந்து விழும்போதெல்லாம், அவள் திரும்பிப் பார்த்த அந்த ஒரு கணம்தான் என் நெஞ்சில் வந்து நிற்கிறது.